உதடு ஒட்டலாம், பல் ஒட்டக் கூடாது

பல் தேய்க்கும்போதுதான் தெரிந்தது. பிரஷ் முன்பற்களைத் தாண்டிக் கடைவாய்ப் பக்கம் போக மாட்டேன் என்கிறது. கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து பார்த்தேன். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அடுக்கி வைத்தால் அதற்கே இடம் பற்றவில்லை. அதற்கு மேல் திறக்கப் பார்த்தால் வலது காதுக்கு முன்னால் யாரோ முட்டுக் கொடுத்து நிறுத்தினதுபோல் ஒரு தடை. தாடை வலது பக்கமாக இழுத்துக்கொண்டு கோணலாக நின்றது.

முந்தின நாள் ராத்திரி வரை அதே இடத்தில் வாயைத் திறக்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ஏழெட்டு வருஷமாக வந்துகொண்டிருந்த சத்தம். அன்றைக்கு அதைக் காணோம். ஒரு நொடி, 'சரியாகிவிட்டது போல' என்றுகூட நினைத்தேன். அந்தச் சத்தம் நின்றுபோனதுதான் கோளாறே என்பது பத்து நாள் கழித்து ஒருவர் படம் போட்டுக் காட்டியபோதுதான் விளங்கியது.

நான் மெய்ப்புத் திருத்துகிறவள். நாளைக்கு எட்டு மணி நேரம், வேலை நெருக்கினால் பத்து மணி நேரம், திரையைப் பார்த்தபடி அடுத்தவர் எழுதியதில் பிழை தேடுவது தொழில். பேசுகிற வேலை கிடையாது. பாட்டுப் பாடுவதில்லை, வாத்தியம் ஊதுவதில்லை. தாடைக்கு இதைவிட ஓய்வான பிழைப்பு எது என்றுதான் நினைத்திருந்தேன்.

வாய் பூட்டிக்கொள்வதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே கதை தொடங்கிவிட்டது. அப்போது எனக்கு இருந்தது காதுவலி. வலது காது அடைத்த மாதிரி இருக்கும். சாயங்காலமானால் உள்ளே மந்தமாக வலிக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் இரண்டு பேரிடம் காட்டினேன். இரண்டு பேரும் எட்டிப் பார்த்துவிட்டு, காது சுத்தமாக இருக்கிறது, சவ்வில் ஒன்றுமில்லை, கேட்கும் திறனும் சரி என்றார்கள். சரி என்று சொன்னதில் சந்தோஷப்பட முடியவில்லை. வலிக்கிறதே.

அப்புறம் வலி கீழே இறங்கி, வலது பக்கக் கீழ்க்கடைவாய்ப் பல்லில் வந்து உட்கார்ந்தது. பல் மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் வலி இருப்பதால் ரூட் கெனால் செய்துவிடலாம் என்றார்கள். செய்தார்கள். மூன்று தடவை போய், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தேன். வலி இரண்டு வாரம் அடங்கின மாதிரி இருந்தது, பிறகு அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. திரும்பப் போனபோது, 'உங்க கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ற விதம், சரியில்லை, நாலு பல்லை லேசா ராவிச் சமப்படுத்திட்டா எல்லாம் போயிடும்' என்றார்கள். அதற்குத் தலையாட்டாமல் வந்ததற்குக் காரணம் என் புத்திசாலித்தனம் இல்லை. அன்றைக்கு முடிக்க வேண்டிய வேலை இருந்தது, அவ்வளவுதான்.

வாய் பூட்டிக்கொண்ட பிறகுதான், வாய் முக வலிகளை மட்டும் பார்க்கிற ஒரு பல் மருத்துவரிடம் போனேன். அவர் வாய்க்குள் பார்ப்பதற்கு முன்னால் என் கன்னத்தைத் தொட்டார். கன்ன எலும்புக்குக் கீழே, தாடை மூலைக்கு மேலே, விரலால் தேடி ஒரு இடத்தில் அழுத்தி, அப்படியே சில நொடி பிடித்தார். பளிச்சென்று பல் வலித்தது. அந்தக் கடைவாய்ப் பல்லேதான்.

"எங்க வலிக்குது?"

"பல்லுல."

"அந்தப் பல்லுக்குத்தான் ரூட் கெனால் ஆயிடுச்சே. உள்ள நரம்பே இல்லையே, அப்புறம் எது வலிக்குது?"

பதில் சொல்லத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார். வலிப்பது மாசெட்டர் என்கிற மெல்லும் தசை. அதில் ஓரிடத்தில் முடிச்சுப் போட்டாற்போல் இறுகியிருந்தால், அங்கே கிளம்புகிற வலியை மூளை பல்லில் இருப்பதாகவும் காதில் இருப்பதாகவும் படித்துக்கொள்ளும். முகம், பல், தாடை, காதின் முன்பக்கம் எல்லாவற்றிலிருந்தும் செய்தி கொண்டுபோவது முக்கிளை நரம்பு என்கிற ஒரே பெரிய நரம்பு. அதனால் முகவரி மாறிப் போகிறது. மூன்று வருஷமாக மூன்று இடத்தில் கதவைத் தட்டியிருக்கிறேன், குடியிருந்தவர் நாலாவது வீட்டில்.

உங்களுக்கும் மாசெட்டர் எங்கே என்று தெரிய வேண்டுமானால் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு பல்லை ஒரு தரம் கடியுங்கள். உருண்டு எழும்புகிறதே, அதுதான். நெற்றிப்பொட்டில் கை வைத்துக் கடித்தால் அங்கேயும் ஒன்று அசையும். அது டெம்போராலிஸ். எனக்கு வாரத்துக்கு மூன்று நாள் வந்துகொண்டிருந்த 'கண்ணாடி பவர் மாத்தணும்போல' தலைவலியும் அதனுடைய உபயம்தான்.

தாடை மூட்டு எங்கே இருக்கிறது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. சுண்டுவிரல் நுனியைக் காதுத் துவாரத்தில் லேசாக வைத்து, வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு முன்னால் ஒன்று நகர்வது தெரியும். காதுக்கும் மூட்டுக்கும் இடையில் மெல்லிய எலும்புச் சுவர்தான். இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், மூட்டில் வீக்கம் வந்தாலும் காது அடைத்ததாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

இந்த மூட்டு வெறும் கீல் இல்லை. முதல் 25 மில்லிமீட்டர் அளவுக்குத் திறக்கும்போது கீழ்த்தாடை எலும்பின் உருண்டையான மேல்நுனி, அதாவது குமிழ், இருந்த இடத்திலேயே சுழல்கிறது, கதவுக் கீல்போல. அதற்கு மேல் திறக்க வேண்டுமானால் குமிழ் தன் குழியை விட்டு வெளியே வந்து, முன்னால் இருக்கிற மேட்டின்மீது வழுக்கி இறங்க வேண்டும். குமிழுக்கும் மேல் எலும்புக்கும் நடுவே குருத்தெலும்பு மாதிரியான ஒரு சின்ன வட்டு, தொப்பி கவிழ்த்ததுபோல் உட்கார்ந்து கூடவே பயணம் போகும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இதைச் செய்தாக வேண்டும், ஏனென்றால் எலும்பு ஒன்றுதான். ஒரு பக்கம் முரண்டு பிடித்தால் தாடை அந்தப் பக்கம் கோணும்.

என் வட்டு எத்தனையோ வருஷம் முன்பே கொஞ்சம் முன்னால் நழுவிவிட்டிருந்ததாம். திறக்கும்போது குமிழ் முன்னால் வந்து வட்டின் விளிம்பைத் தாண்டி அதன்மேல் ஏறிக்கொள்ளும். அந்த ஏற்றத்தின் சத்தம்தான் 'டக்'. ஏறிக்கொண்டால் பிரச்சினை இல்லை, பயணம் தொடரும். ஒரு நாள் ஏற முடியாமல் போகிறது. வட்டு முன்னாலேயே சுருண்டு நின்று குமிழை மறிக்கிறது. கதவடியில் கால்மிதி சுருண்டு மாட்டிக்கொண்டால் கதவு பாதியில் நிற்கும் இல்லையா, அதேதான். சத்தம் போனது இதனால்தான். பிரஷ் நுழையாததும் இதனால்தான். அவர் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை முன்பற்களுக்கு நடுவே வைத்து அளந்தார். 26 மில்லிமீட்டர். கீல் வேலை செய்கிறது, வழுக்கல் நின்றுவிட்டது என்று அந்த ஒரு எண்ணிலேயே படித்துவிட்டார். சாதாரணமாகப் பெரியவர்களுக்கு 40க்கு மேல் இருக்கும். அளவுகோல் இல்லாவிட்டால், அவரவர் கையின் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி நுழைத்துப் பார்த்தால் போதும்.

நான் உடனே கேட்ட கேள்வி, வட்டைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைக்க முடியாதா என்பது. வைக்க வேண்டிய அவசியமே இல்லை என்றார். எந்த வலியும் இல்லாதவர்களை எம்ஆர்ஐயில் படுக்க வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வட்டு நழுவித்தான் இருக்கிறதாம். அவர்கள் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டு இருக்கிறார்கள். வலியும் தடையும் இல்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. என் மாதிரி பூட்டிக்கொண்டவர்களிலும் பலருக்குச் சில மாதங்களில் மூட்டு தன்னைப் பழக்கிக்கொண்டு, வட்டுக்குப் பின்னாலுள்ள திசுவே மெத்தைபோல் இறுகி, வாய் திறந்துவிடும். அவசரப்பட்டுக் கத்தி எடுக்காமல் இருந்தால் போதும்.

கத்தி எடுத்த காலமும் இருந்திருக்கிறது. 1980களில் அமெரிக்காவில் நழுவிய வட்டை எடுத்துவிட்டு, டெஃப்லான் கலந்த செயற்கை வட்டு வைத்தார்கள். தாடை மெல்லுகிற அழுத்தத்தில் அது துகள் துகளாக உதிர்ந்தது. உடம்பு அந்தத் துகள்களோடு சண்டை போடப் போய்ச் சுற்றியிருந்த எலும்பையே அரித்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அவற்றைத் திரும்பப் பெற வைத்தது. சிலருக்கு அதற்குப் பிறகு அறுவைக்கு மேல் அறுவை. இதைப் படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. தூங்காததும் தாடைக்கு ஆகாது என்பது வேறு விஷயம்.

பல்லை ராவுகிற யோசனைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1934இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், கடைவாய்ப் பல் விழுந்தவர்களுக்குத் தாடை அதிகமாக மூடிக்கொண்டு பின்னால் அழுத்துவதால்தான் காதுவலி, காதடைப்பு, தலைசுற்றல் வருகிறது என்று எழுதினார். அவர் சொன்ன உடற்கூற்றுக் காரணம் பின்னால் நிற்கவில்லை. ஆனால் கடியைச் சரிசெய்தால் மூட்டு சரியாகும் என்ற நம்பிக்கை மட்டும் பல் வைத்தியத்தில் பல தலைமுறைக்குத் தங்கிவிட்டது. ராவின பல் மறுபடி முளைக்காது. அதனால்தான் இதில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்: திரும்பப் பெற முடியாத எதையும் முதலில் செய்துகொள்ளாதீர்கள். ராவுவது, கடியை மாற்றப் பல்லுக்கு உறை போடுவது, பல்லை நகர்த்துவது, அறுவை எல்லாம் இதில் சேர்த்தி.

சரி, எனக்கு ஏன் வந்தது? நான் விபத்தில் அடிபடவில்லை. மருத்துவர் வேறொன்று கேட்டார்.

"இப்ப, இந்த நிமிஷம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படி இருக்கு?"

ஒட்டியிருந்தது.

"அப்படித்தானே இருக்கணும்?" என்றேன். வாயை மூடினால் பல் சேரும், இதில் என்ன கேள்வி என்றுதான் நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். வாய் மூடியிருக்கும்போது உதடுதான் சேர வேண்டும். உள்ளே பற்களுக்கு நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் படுகிற நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு நாளில் அரை மணி தேறாது. நானோ நாளில் பாதி நேரம் பூட்டு மாதிரி கடித்துக்கொண்டிருக்கிறேன். பலமாகக்கூடக் கடிக்க வேண்டாம், லேசாகத் தொட்டுக்கொண்டே இருந்தால் போதும், தசை ஓயாது. ஒரு காகிதத்தைக் கை நீட்டிப் பிடித்தபடி எட்டு மணி நேரம் நின்று பாருங்கள். காகிதம் கனமில்லைதான்.

தமிழில் நிரோட்டகம் என்று ஒரு செய்யுள் வகை உண்டு. உதடு ஒட்டாத எழுத்துகளாகப் பார்த்துப் பாடுவது. எனக்கு விதித்தது அதற்கு நேர் எதிர். உதடு ஒட்டலாம், பல் ஒட்டக் கூடாது.

நாக்குக்கும் இடம் சொன்னார். மேல் முன்பற்களுக்குக் கொஞ்சம் பின்னால், அண்ணத்து மேட்டில் நாக்கு நுனி சும்மா தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். 'ன்' என்று சொல்லி நிறுத்தினால் எங்கே நிற்குமோ அங்கே. தொழில் புத்தி, நான் உடனே, "றன்னகரமா, தந்நகரமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. பிறகு வீட்டில் சொல்லிப் பார்த்தேன். தந்நகரத்துக்கு நாக்கு பல்லிலேயே போய் முட்டுகிறது, றன்னகரத்துக்குத்தான் சரியாக மேட்டில் நிற்கிறது. ஆக, இரண்டு சுழி 'ன்'. வேறு எங்கும் இந்தக் குறிப்பு கிடைக்காது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழக்கத்தை விடுவதற்கு அவர் கொடுத்த கருவி, பச்சை நிறத்தில் வட்டமான சின்ன ஸ்டிக்கர். திரையின் ஓரத்தில் ஒன்று, கைப்பேசியின் பின்பக்கம் ஒன்று, குளியலறைக் கண்ணாடியில் ஒன்று. அது கண்ணில் படும்போதெல்லாம் பல் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் ஒரு கோடு போட்டுவிட்டு, உதடு மூடியபடி 'ம்' என்று மூச்சை விட வேண்டும். பல் தானாகப் பிரியும். முதல் நாள் 43 கோடு. அதைவிட வேடிக்கை, எங்கெங்கே கடிக்கிறேன் என்பது. கோட்டுக்குப் பக்கத்தில் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று குறிக்கச் சொல்லியிருந்தார். பாதிக்கு மேல், வல்லினம் மிகுமா மிகாதா என்று தயங்கி நின்ற இடங்கள். ஒற்றுப் பிழையைக் கண்டால் எழுதியவரைக் கடிக்க முடியாது, பல்லைக் கடித்திருக்கிறேன். அடுத்தது கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்த நேரம். மூன்றாவது, பாத்திரம் கழுவும்போது. அதற்கு இன்றுவரை காரணம் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் கோடு பதினைந்துக்கு இறங்கியது. நாலாவது வாரம்தான் சாயங்காலக் காதுவலி இல்லாமல் ஒரு நாள் போயிருக்கிறது என்பதைக் கவனித்தேன். வலி வந்தால் தெரிகிறது, வராவிட்டால் யார் கவனிக்கிறார்கள்.

ராத்திரி விவகாரம் வேறு. பகல் கடியை ஸ்டிக்கர் பிடிக்கும், தூக்கத்தில் பிடிக்க முடியாது. சின்ன வயதில் ஒரே அறையில் படுத்த அக்கா, "எலி மாதிரி நறநறன்னு அரைக்கிறேடி, பூச்சி மருந்து சாப்பிடு" என்று எழுப்பிவிடுவாள். பல் நறநறப்பதற்கு வயிற்றுப் பூச்சி காரணம் என்பது பரவலான நம்பிக்கை. மருத்துவர் சிரித்துவிட்டு, இது தூக்கத்துக்கு நடுவே மூளை லேசாக விழிக்கிற நேரங்களில் தசை செய்கிற வேலை, மன அழுத்தம், காப்பி, மது, புகை, மனச்சோர்வுக்குத் தருகிற சில மாத்திரைகள் இதைக் கூட்டலாம் என்றார். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். இரவில் அரைக்கிற எல்லோருக்கும் மூட்டு வலி வருவதும் இல்லை.

ராத்திரிக்கு ஒரு ஸ்ப்ளின்ட் செய்து கொடுத்தார். மேல்பற்கள் எல்லாவற்றையும் மூடுகிற, கண்ணாடி மாதிரி தெளிவான கெட்டி அக்ரிலிக். அதைப் பற்றி எனக்குப் பெரிய கற்பனை இருந்தது. அவரே உடைத்தார்: "இது வியாதியைத் தீர்க்காது. நீங்க கடிச்சா இது தேயும், பல் தேயாது. காலையில தசை கொஞ்சம் லேசா இருக்கலாம், அவ்வளவுதான்." பின்னால் தேடிப் படித்தபோது, 2023 கடைசியில் பிஎம்ஜே மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போயிருப்பதைப் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற தாடை வலிக்கு எது உதவும் என்று ஆய்வுகளை அலசி, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்குகிற மனச் சிகிச்சை), பயிற்சி பெற்றவர் கையால் தாடையை அசைத்து விடுவது, தசை முடிச்சுகளை அழுத்தித் தளர்த்துவது, மேற்பார்வையில் செய்கிற தாடைப் பயிற்சி, கழுத்து நிலைப் பயிற்சி, வீட்டுப் பயிற்சியோடு கூடிய சாதாரணக் கவனிப்பு ஆகியவற்றை உறுதியாகப் பரிந்துரைக்கிறார்கள். கழற்றி மாட்டுகிற ஸ்ப்ளின்ட், போடாக்ஸ் ஊசி, லேசர் எல்லாம் வலிக்காக வேண்டாம் என்பது அவர்கள் சாய்வு. கடியை நிரந்தரமாக மாற்றுகிற ஸ்ப்ளின்ட், வட்டை எடுக்கிற அறுவை இரண்டையும் உறுதியாகவே வேண்டாம் என்கிறார்கள். நான் என்னுடையதை இன்னும் மாட்டிக்கொள்கிறேன், பல் தேயாமல் இருக்க. ஆனால் முன்பல்லை மட்டும் மூடுகிற சின்ன வகையை மாதக் கணக்கில் போட்டால் பின்பற்கள் மேலெழும்பிக் கடியே மாறிவிடலாம். வாங்கும் முன் எல்லாப் பல்லையும் மூடுகிறதா என்று பாருங்கள்.

மனச் சிகிச்சை முதலில் நிற்பதைப் பார்த்து ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. மூன்று வருஷ அலைச்சலில், 'எல்லாம் உங்க மனசுலதான்' என்று ஒருவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இந்த மருத்துவரும் தூக்கம் எப்படி, கவலை உண்டா, வேறு எங்கெல்லாம் வலிக்கும் என்று இரண்டு பக்கக் கேள்வித்தாள் நீட்டியபோது முகம் சுருங்கிவிட்டது. அவர் விளக்கம் வேறு மாதிரி இருந்தது. வலி நிஜம், தசையில்தான் இருக்கிறது. ஆனால் அதன் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் மூளையில் இருக்கிறது, தூக்கம் கெட்டால் அது கூடும் என்றார். அமெரிக்காவில் தாடை வலி இல்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேரைச் சேர்த்து, வருஷக் கணக்கில் பின்தொடர்ந்து, யாருக்குப் புதிதாகத் தாடை வலி வருகிறது என்று பார்த்திருக்கிறார்கள். முன்னாலேயே முதுகு, தலை என்று வேறு வலிகள் இருந்தவர்கள், தூக்கம் கெட்டுப்போனவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். என் கேள்வித்தாளில் நான் 'ஆம்' போட்ட இடங்கள் எல்லாமே அங்கே இருந்தன.

பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். எளிமையானவைதான், ஆனால் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும். நான் முதல் வாரம் முழுக்கத் தப்பாகச் செய்திருக்கிறேன். கன்னத்தில் வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கால் மணி நேரம். பிறகு நாக்கை அந்த 'ன்' இடத்திலிருந்து எடுக்காமல் வாயைத் திறப்பது. நாக்கு ஒட்டியிருக்கும்வரை தாடை கீல்போலச் சுழல மட்டும் செய்யும், கோணாமல் நேராக இறங்கும். கண்ணாடியில் மூக்கு நுனிக்கு நேராகப் பல் இடைக்கோடு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு தடவை, நாளில் ஆறு வேளை. அதன்பின் கட்டைவிரலை மேல்பல்லிலும் ஆள்காட்டி விரலைக் கீழ்ப்பல்லிலும் குறுக்காக வைத்து, இதமாக இழுத்துப் பிடிப்பது. இழுவை தெரியலாம், வலி குத்தக் கூடாது. மற்றவை சில்லறை விஷயங்கள்: சூயிங் கம் நிறுத்தம், ஆப்பிளை முன்பல்லால் கடிக்காமல் நறுக்கிச் சாப்பிடுவது, குப்புறப் படுக்காமல் இருப்பது, மோவாயில் கை ஊன்றாமல் இருப்பது. கொட்டாவி வந்தால் நாக்கை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, மோவாய்க்குக் கீழே முஷ்டியை முட்டுக்கொடுத்து விடுவது. முதல் இரண்டு வாரம் வீக்கம் குறைய மாத்திரையும் இருந்தது. அதைத் தொடர்ந்து சாப்பிடவில்லை.

26 என்பது ஒரு மாதத்தில் 30 ஆனது. பிறகு ஆறு வாரம் 31லேயே நின்று என்னைப் படுத்தியது. அந்த ஆறு வாரத்தில்தான் ஊசி போடலாமா, மூட்டுக்குள் திரவம் விட்டுக் கழுவலாமா என்று இணையத்தில் மேய்ந்துகொண்டிருந்தேன். மருத்துவர் அசையவில்லை. ஐந்தாவது மாதம் 37.

எல்லாத் தாடை வலியும் என்னுடையது மாதிரி பொறுத்திருந்து பார்க்கக் கூடியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நடக்கும்போதோ படியேறும்போதோ தாடை வலித்து, நெஞ்சு இறுகி, வியர்த்தால் அது இதயமாக இருக்கலாம். பல் மருத்துவரைத் தேடாமல் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். ஐம்பது வயதுக்கு மேல், மென்று சாப்பிடச் சாப்பிடத் தாடை சோர்ந்து வலித்து, புதுத் தலைவலியும் தலை சீவினால் உச்சியில் வலியும் சேர்ந்தால், அது நெற்றிப்பொட்டுத் தமனியின் அழற்சியாக இருக்கலாம். விட்டால் பார்வையே போய்விடலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். காய்ச்சலோடு வீக்கம், முகம் மரத்துப்போவது, ஆறாத வாய்ப்புண், எடை இறங்குவது, வாரா வாரம் வாய் திறப்பு குறைந்துகொண்டே போவது, இவையும் காத்திருக்கிற ரகமில்லை. காலையில் எழுந்தால் தாடையோடு கைவிரல் மூட்டுகளும் வீங்கி விறைத்திருந்தால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும்.

வாய் மூட முடியாமல் திறந்தபடியே மாட்டிக்கொள்வது இன்னொரு கதை. குமிழ் மேட்டைத் தாண்டி முன்னால் விழுந்துவிடுவது. கீழ்க் கடைவாய்ப் பற்கள்மேல் கட்டைவிரலை வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளி ஏற்றுவார்கள். பண்டைய எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுருளிலேயே தாடையைப் பிடித்து ஏற்றுகிற இந்த வேலை எழுதியிருக்கிறது. நாலாயிரம் வருஷத்தை நெருங்குகிற வைத்தியம், இன்றைக்கும் ஏறக்குறைய அதேதான். ஆனால் வீட்டில் யாரும் முயல வேண்டாம்; ஏறுகிற வேகத்தில் வாய் பட்டென்று மூடும், விரல் உள்ளே இருக்கும்.

என் கதை தெரிந்த இரண்டு பேர், எந்த மருத்துவரிடம் போவது என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அதுதான் இந்த நோயின் பெரிய தலைவலி. பல்லுக்கு ஒரு படிப்பு, உடம்புக்கு ஒரு படிப்பு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். தாடை மூட்டு நடுவில் விழுந்துவிட்டது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமிகள் 2020இல் வெளியிட்ட பெரிய அறிக்கையும் இந்த இடைவெளியைத்தான் புலம்புகிறது. என் அனுபவத்தில், முதல் சந்திப்பில் வாயைத் திறக்கச் சொல்லும் முன் கன்னத்தையும் நெற்றிப்பொட்டையும் தொட்டு அழுத்திப் பார்க்கிறாரா, அளவுகோலை எடுக்கிறாரா, தூக்கத்தைப் பற்றிக் கேட்கிறாரா என்று பாருங்கள். முதல் நாளே மொத்தப் பல்லையும் மாற்றி அமைக்கத் திட்டம் போட்டால், இன்னொருவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வாருங்கள்.

ஏழாவது மாதம் ஒரு காலையில் பல் தேய்க்கும்போது, காதோரத்தில் பழைய 'டக்'. மெல்லிசாக, தூரத்தில் யாரோ விரலைச் சொடுக்கினதுபோல. பயந்துபோய்ப் போன் செய்தேன். "வாய் எவ்வளவு திறக்குது?" என்றார். மூன்று விரல், தாராளமாக. "வலிக்குதா?" இல்லை. "அப்ப அது பாட்டுக்கு இருக்கட்டும், விடுங்க."

இருந்துகொண்டிருக்கிறது. காதுவலி மாதத்துக்கு ஒரு நாள் எட்டிப் பார்க்கும், பெரும்பாலும் கெடு நெருங்குகிற வாரத்தில். பச்சை ஸ்டிக்கர் இரண்டு உதிர்ந்துவிட்டன. திரையோரத்தில் இருப்பது மட்டும் வெளுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து பதினோரு கோடு போட்டிருக்கிறேன். பதினோராவது, தலைப்பைத் திரும்பப் பார்த்தபோது: 'ஒட்டக் கூடாது' பிரித்து எழுதுவதா, 'ஒட்டக்கூடாது' என்று சேர்த்து எழுதுவதா?